சோடியம் விளக்கு வெளிச்சத்தில் கயிறு என்ன நிறம்? நம்ம பக்கத்துப் பள்ளிக்கூட ஆய்வகங்களைத் திறப்பது பற்றி

அம்பை லேப் அண்ணாச்சி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் முப்பத்தொரு வருஷம் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகளுக்கு லேப் அண்ணாச்சி. அரசியல், சமூகம், பள்ளிக்கூடம், அறிவியல் என்று நாம் இங்கே தனித்தனியாகப் பேசுகிறோம். எனக்கு இந்த நாலும் ஒரே அறைக்குள் நடந்தது. அதை எழுதுகிறேன். நீளமாக வரும், பொறுத்துக்கிடணும்.

2023 ஆகஸ்ட் மாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 9ஆம் தேதி ராத்திரி நாங்குநேரியில் பிளஸ் டூ படிக்கிற ஒரு பையனை, அவன் பள்ளிக்கூடத்துப் பையன்களே ஜாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கச்சிக்கும் வெட்டு. சரியாக 14 நாள் கழித்து, 23ஆம் தேதி சாயங்காலம், சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அந்த ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சினை எரியவிட்டுச் சோதித்தது நம்ம மகேந்திரகிரியில். நாங்குநேரியிலிருந்து அந்த மலைப் பக்கத்துப் பணகுடிக்கு நாற்கரச் சாலையில் அரைமணி நேரம். எங்கள் தெருவில் வெடி போட்டார்கள். எனக்கும் கண் கலங்கியது. ராத்திரி படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை. அந்தப் பதினாலு நாளும் அந்த அரைமணி நேரமும்தான் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது என் அறைக்கு வருகிறேன். பிளஸ் டூ இயற்பியல் செய்முறையில் நிறமாலைமானி என்று ஒன்று உண்டு. அதை வைத்து முப்பட்டகத்தின் ஒளிவிலகல் எண், அதாவது அந்தக் கண்ணாடி ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று காண வேண்டும். அதை ஒற்றை ஆளாகச் செய்தால் உருப்படியாக வராது. ஒருத்தன் முப்பட்டக மேடையை மெள்ளத் திருப்பணும். இன்னொருத்தன் தொலைநோக்கியில் கண் வைத்து, சோடியம் விளக்கின் மஞ்சள் கோடு நகர நகரத் தொலைநோக்கியைக் கூடவே கொண்டுபோகணும். ஓரிடத்தில் கோடு நின்று, வந்த வழியே திரும்பும். அந்தத் திரும்புகிற இடம்தான் சிறும திசைமாற்ற நிலை. “நில்லு, கொஞ்சம் பின்னால போ, ஆங் அங்கதான்” என்று இவன் சொல்ல அவன் கேட்கணும். பிறகு ஒருத்தன் லென்சை வைத்து வெர்னியர் அளவுகோலைப் பார்க்க, மற்றவன் டார்ச் அடித்து எழுதணும். இருட்டறைக்குள் இருபது நிமிஷம் தோளும் தோளும் உரச நிற்கணும்.

நான் பதிவேட்டு வரிசைப்படி ரெண்டு ரெண்டு பேராக உள்ளே அனுப்புவேன். ஒரு வருஷம் அப்படிப் போன ஜோடியில் ஒருத்தன் கையில் ஒரு நிறக் கயிறு, மற்றவன் கையில் வேறு நிறக் கயிறு. எந்த நிறம் எந்த ஜாதிக்கு என்று இங்கே எழுத மாட்டேன், நம்ம ஊர்க்காரர்களுக்குத் தெரியும். சோடியம் விளக்கைப் போட்டால் முதலில் இளஞ்சிவப்பாக எரியும். முழு மஞ்சள் ஏற பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷமும் ரெண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மஞ்சள் ஏறினதும் ஒருத்தன் தன் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, என் கயிறு ஏன் கறுத்துப்போச்சு?” என்றான். மற்றவன் தன் கையையும் விளக்குக்குக் கிட்டே நீட்டி, “ஏலே, எனக்கும் கறுப்பாத்தாம்ல இருக்கு” என்றான். அந்த வருஷத்தில் அவனுக ரெண்டு பேரும் பேசின முதல் பேச்சு அதுதான்.

சோடியம் வெளிச்சத்தில் இருப்பது மஞ்சள் ஒன்றுதான், 589 நானோமீட்டர் பக்கம். சிவப்பு நூல் சிவப்பாகத் தெரிய வேண்டுமென்றால் அதன் மேல் சிவப்பு வெளிச்சம் விழணும். விழாததை அது எங்கே போய்த் திருப்பி அனுப்பும்? பச்சைக்கும் நீலத்துக்கும் அதே கதி. நான் இந்தப் பாடத்தைச் சொன்னேன், புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் பேனா மூடி, அடையாள அட்டை நாடா, கைக்குட்டை என்று ஒவ்வொன்றாக விளக்குப் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஜோடி வந்து கதவைத் தட்டியும் வெளியே வரவில்லை.

கயிற்றைக் கழற்றினார்களா என்றால், இல்லை. ஆனால் கடைசிப் பரீட்சை வரைக்கும் அந்த ரெண்டு பேரும் எந்தச் சண்டையிலும் எதிரெதிரே நிற்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு கூடாது, பள்ளிப் பெயரில் ஜாதிப் பெயர் கூடாது, பிள்ளைகளை அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னது. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தவனோடு ஒரு வார்த்தை பேசாமல் வருஷத்தை ஓட்டிவிடலாம். நிறமாலைமானியில் அப்படி ஓட்ட முடியாது. நம்ம மாவட்டத்தில் எத்தனை பள்ளிகளில் இருட்டறை இப்போது பழைய பெஞ்சு போட்டு வைக்கிற அறையாக இருக்கிறது? உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஆய்வகத்தை வாரம் ரெண்டு தடவை திறக்கணும், பதிவேட்டு வரிசையில் ஜோடி போடணும். நான் கேட்பது இவ்வளவுதான்.

களக்காட்டு வேன்காரன்

அண்ணாச்சி, நல்லா எழுதியிருக்கிய. ஆனா எனக்கு ஒப்பல. இருபது நிமிஷம் இருட்டறைன்னா மிச்சம் இருபத்திமூணு மணி நாப்பது நிமிஷம் வெளிய இருக்கான்லா?

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுதேன். சண்டை வகுப்புல மூளுறதில்ல, பஸ்ஸுல மூளும். பின்சீட்டு யாருக்கு, படிக்கட்டு யாருக்கு, எந்த ஊர் ஸ்டாப் வரும்போது எவன் போன்ல எந்தப் பாட்டு வைக்கான், இதுலதான் ஆரம்பம். சாயங்காலம் நாலரை மணிக்கு பஸ் ஸ்டாண்டுல வந்து நின்னு பாருங்க, வெளிநாட்டு எல்லை மாதிரி ரெண்டு கூட்டம் ரெண்டு பக்கம் நிக்கும். நடுவுல டீக்கடைக்காரர் கடையை எடுத்து வைக்கலாமா வேண்டாமான்னு பாத்துக்கிட்டு இருப்பார்.

கோயில் கொடைக்கு ஃபிளக்ஸ் வைக்காங்கள்லா, அதுல ஏழாவது எட்டாவது படிக்கிற பிள்ளையள் படம். கையில அருவாள வரைஞ்சு வச்சிருக்காங்க. அந்தப் பிள்ளை தினமும் அதைப் பாத்துக்கிட்டேதான் என் வேன்ல ஏறுது. அதை வச்சவன் அவன் மாமாவும் சித்தப்பாவும். அவங்களை எந்த லேப்புல அடைப்பிய?

2023 டிசம்பர் வெள்ளத்தப்போ எல்லாரும் ஒண்ணா இருந்தோம்னு பலபேர் சொல்லுதாங்க. உண்மைதான். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு, ஆத்துல தண்ணி ஊருக்குள்ள வந்துட்டு, ஒரே அடுப்புல பொங்கித் தின்னோம். தண்ணி வடிஞ்சு பொங்கல் முடியங்குள்ள ஃபிளக்ஸ் திரும்பவும் ஏறிட்டு.

பாளை பிசிக்ஸ் டீச்சர்

அண்ணாச்சி, நீங்கள் கேட்ட கேள்விக்கு நானே பதில் சொல்ல வேண்டியவள். எங்கள் பள்ளியில் இருட்டறை பூட்டித்தான் கிடக்கிறது. சாவி என்னிடம் இருக்கிறது.

காரணத்தை உள்ளபடி சொல்கிறேன். இப்போது மேல்நிலையில் ஒரு பாடத்துக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. அந்த 20ஐ யாருக்கும் குறைப்பதில்லை. குறைத்தால் தேர்ச்சி விகிதம், தலைமையாசிரியர் கூட்டம், பெற்றோர் புகார் என்று எல்லாம் என் தலையில் விடியும். எப்படியும் 20 வரப்போகிறது என்றால் பிள்ளை எதற்கு இருட்டறையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கப் போகிறது? பழைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அளவுகளை எழுதிவிடுகிறார்கள். விடை 1.5 வரவேண்டும் என்று தெரியும், அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு 37 டிகிரி திசைமாற்றக் கோணத்தை அவர்களே கொண்டுவந்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்தே நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்று நீட். 2017லிருந்து அது கட்டாயம். 2020ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்ததை நான் கையெடுத்துக் கும்பிடுவேன், என்னிடம் படித்த ஒரு பிள்ளை அதில்தான் டாக்டருக்குப் படிக்கிறாள். ஆனால் சனி ஞாயிறு, மாலை நேரம் எல்லாம் நாலில் ஒரு விடை தேர்ந்தெடுக்கும் பயிற்சிக்கே போய்விடுகிறது. வெர்னியர் கேள்வி நீட்டிலும் வரும், அதைப் படத்தில் பார்த்தே போட்டுவிடுகிறார்கள். 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையில் பிளஸ் ஒன் பொதுத் தேர்வை எடுத்தார்கள். அதில் மிச்சமாகிற நேரம் ஆய்வகத்துக்கு வரும் என்று நான் ஆசைப்பட்டேன். நேரம் மிச்சமாகிறது, ஆனால் அது பிளஸ் டூ பாடத்தை முன்கூட்டியே நடத்துவதற்குப் போய்விடுகிறது.

வேன்காரத் தம்பி சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் பஸ் ஸ்டாண்டு என் கையில் இல்லை. சாவி என் கையில் இருக்கிறது.

முக்கூடல் அம்மா

நான் பீடி சுத்துதவ. மகளோட போன்ல எழுதுதேன், தப்பு இருந்தா மன்னிச்சிக்கிடுங்க.

எல்லாரும் கயிறு கயிறுன்னு சொல்லுதிய. என் மவனுக்கு நான்தான் கயிறு கட்டிவிட்டேன். கோயில்ல, காய்ச்சல் கண்டு எந்திரிச்சப்போ. அதைப் போய் பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளையள் முன்னாலயும் கத்திரி வச்சு வெட்டிட்டாங்க. பிள்ளை ரெண்டு நாள் சாப்பிடல. எல்லாக் கயிறும் ஜாதிக் கயிறு இல்ல. வெட்டுதவங்க ஒரு வார்த்தை அந்தப் பிள்ளைகிட்ட கேட்டாத்தான் என்ன?

நூலோட நிறம் எங்களுக்குத் தெரியாததா? பீடிக்கு நூல் கட்டுதோம், கம்பெனிக்குக் கம்பெனி நூல் நிறம் மாறும். உள்ள இருக்குறது அதே தூளு, அதே இலை.

அண்ணாச்சி, நீங்க சொன்ன அந்த விளக்கை நான் பாத்ததில்ல. என் மவன் இப்போ பத்தாவது. அவனுக்கு அந்த விளக்கைக் காட்டுவாங்களான்னு மட்டும் சொல்லுங்க.

சேரன்மாதேவிக்காரன்

இருட்டறை, பஸ் எல்லாவற்றுக்கும் முன்னால் இது சாப்பாட்டுப் பந்தியில் நடந்தது. எங்கள் ஊரில் 1922ல் வ.வே.சு. ஐயர் குருகுலம் தொடங்கினார். வெள்ளைக்காரன் கல்விக்கு மாற்றாக நம் பிள்ளைகளை நாமே வளர்ப்போம் என்ற உயர்ந்த எண்ணம். காங்கிரஸ் 5,000 ரூபாய் கொடுத்தது. அங்கே ரெண்டு பிராமணப் பையன்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டது வெளியே தெரிந்ததும், வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய கேள்வியில் தமிழ்நாட்டு அரசியலே திசை மாறியது. ஐயர் 1925 ஜூனில் பாபநாசத்துக்கு மேலே கல்யாண தீர்த்தத்தில் மகளைக் காப்பாற்றப் போய் அருவியோடு போனார்.

எனக்கு ஐயர் மேல் மரியாதை உண்டு. துப்பாக்கிக்குப் பயப்படாத மனுஷன். அவரே ரெண்டு பெற்றோரின் பிடிவாதத்துக்கு முன்னால் தளர்ந்துபோனார் என்பதுதான் என் மனசை உறுத்துகிறது. இன்றைக்கு எத்தனை தலைமையாசிரியர்கள் அதே இடத்தில் நிற்கிறார்கள்! “எங்க பையனை அவன் கூடப் போடாதீங்க சார்” என்று ஒரு பெரிய மனிதர் வந்து சொன்னால், மறுநாள் ஜோடி மாறிவிடும். அண்ணாச்சி, உங்களுக்கு அப்படி வந்ததா?

அம்பை லேப் அண்ணாச்சி

வந்தது. ரெண்டு மூன்று தடவை வந்தது. நான் உதவியாளர்தான், என்னிடம் நேராகச் சொல்ல மாட்டார்கள், வாத்தியார் வழியாக வரும். ஒரு தடவை மாற்றினேன். அந்தப் பையன் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கவே இல்லை, கேட்காமலே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு, பதிவேட்டு வரிசையை மாற்றினால் வெளித் தேர்வாளர் வரும்போது குழப்பம் ஆகும் என்று சொல்லியே சமாளித்தேன். உண்மையான காரணத்தைச் சொல்லும் தைரியம் எனக்கு இருந்ததில்லை. அதனால்தான் இது அரசாணையாக வரணும் என்கிறேன். உதவியாளனும் டீச்சரும் தைரியசாலியாக இருந்தால்தான் நடக்கும் என்றால் அது நடக்காது.

முக்கூடல் அம்மா, உங்கள் மகன் பிளஸ் ஒன்னில் அறிவியல் பாடம் எடுத்தால் பார்ப்பான். பார்க்கணும். கயிற்றை வெட்டியது தப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவன் கயிறு எதற்கு என்று முதலில் கேட்டிருக்கணும்.

கடலோரத்தான்

இடிந்தகரைப் பக்கம் நான். அறிவியல் அறிவியல் என்று நீங்கள் எல்லாரும் பேசும்போது எங்களுக்கு வேறு ஒன்று ஞாபகம் வருகிறது. எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் கூடங்குளம் அணு உலையின் ரெண்டு குவிமாடம் தெரியும், ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட். முதல் உலையின் மின்சாரம் 2013 அக்டோபரில் வெளியே போனது. அதற்கு முன்னால் 2011லிருந்து எங்கள் அம்மாமார் பந்தலில் உட்கார்ந்து கேட்டது அறிவியல் கேள்விகள்தான். கழிவை எங்கே வைப்பீர்கள், கடலில் விடுகிற தண்ணீர் எவ்வளவு சூடு, ஏதாவது ஆனால் எந்த வழியாக வெளியேறுவது. அதற்கு வந்த பதில் தேசத்துரோக வழக்கு.

உலை வேண்டும் வேண்டாம் என்ற விவாதத்தை இங்கே இழுக்கவில்லை. பள்ளியில் “ஏன்” என்று கேட்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஊரில் கேட்டால் வழக்குப் போடுகிற இடத்தில் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்ளும்? ஆய்வகத்தைத் திறக்கச் சொல்கிறவர்கள் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பொதுவானவன்

இப்படி ஜாதியைப் பற்றிப் பேசிப் பேசியே வளர்க்கிறோம். பேசாமல் விட்டால் தானாகப் போய்விடும் என்பது என் கருத்து. படிப்பு, வேலை, சம்பளம் வந்தால் எவன் ஜாதி பார்க்கப் போகிறான்?

பி.எஸ்சி. இரண்டாம் வருஷம்

பொதுவானவன் அண்ணன், 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஜாதி ஆணவத்தில் வெட்டிக் கொல்லப்பட்ட கவின் அண்ணனுக்குப் படிப்பும் இருந்தது, வேலையும் இருந்தது, நல்ல சம்பளமும் இருந்தது. பேசாமல் இருந்தால் போய்விடும் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

நான் அண்ணாச்சி சொன்ன மாதிரி ஜோடியில் படித்தவள். பிளஸ் ஒன்னில் கெமிஸ்ட்ரி லேபில் பதிவேட்டு வரிசையில் ஒரு பிள்ளையோடு சேர்ந்தேன். பியூரெட் அவள் பிடிப்பாள், குடுவையை நான் சுழற்றுவேன். கடைசிச் சொட்டில் இளஞ்சிவப்பு நிலைக்கும்போது ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் “வந்துட்டு” என்று கத்துவோம். ரெண்டு வருஷம் அப்படி.

ஒரு நாள் ரெக்கார்டு நோட்டு வாங்க அவள் வீட்டுக்குப் போனேன். எந்தத் தெருவிலிருந்து வருகிறாய் என்று அவள் ஆச்சி கேட்டார்கள். சொன்னேன். திண்ணையில் உட்காரச் சொன்னார்கள், அன்பாகத்தான் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வந்தது, பேப்பர் கப்பில். வீட்டுக்குள் அடுக்கில் செம்பும் தம்ளரும் பளபளவென்று இருக்கிறது, நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியுது. என் தோழி உள்ளே போய் தானும் ஒரு பேப்பர் கப் எடுத்துக்கொண்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, அதில் தண்ணீர் ஊற்றிக் குடித்தாள். ஆச்சி பார்த்துக்கொண்டே நின்றார்கள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அதனால் வேன்கார அண்ணன் சொல்வதும் சரி, லேப் அண்ணாச்சி சொல்வதும் சரி என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. லேப் அந்த வீட்டை மாற்றவில்லை. ஆனால் அந்த வீட்டுக்குள் இருக்கிற ஒருத்தியை மாற்றியது. அந்த இருபது நிமிஷம் எனக்கும் அவளுக்கும் கிடைக்காமல் போயிருந்தால் அன்றைக்கு அந்தத் திண்ணையில் நான் தனியாகத்தான் அந்தக் கப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

களக்காட்டு வேன்காரன்

தங்கச்சி, நீ எழுதினதை வண்டியை ஓரமா நிப்பாட்டிட்டு ரெண்டு தடவை படிச்சேன். நான் சொன்னதை முழுசா வாபஸ் வாங்கல. ஆனா லேப் வேண்டாம்னு சொல்லல இனிமே. என் வேன்லயும் நாளைலருந்து ஊர்வாரியா உக்காரவிடப்போறதில்ல, ஏறுத வரிசைல உக்காரணும்னு சொல்லப்போறேன். எத்தனை பேர் வீட்டுலருந்து போன் வருதுன்னு பாப்போம்.

வண்ணார்பேட்டை கணக்கர்

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மும்மொழி சொல்லும் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்கிற பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25க்கான சமக்ர சிக்ஷா என்கிற பள்ளிக் கல்வி நிதியில் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு தராமல் நிறுத்தியது. மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனது. 1968லிருந்து இருக்கிற இருமொழிக் கொள்கையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக நிற்கிறேன், பிள்ளைகள் படிப்புப் பணத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு கொள்கை பேசுவது அநியாயம். ஆனால் அந்தச் சண்டையைச் சாக்காக வைத்து, இருக்கிற கருவியையும் பூட்டி வைப்பதை ஏற்க முடியாது. நிறமாலைமானி ஏற்கெனவே அலமாரிக்குள் இருக்கிறது. டெல்லி அதைப் பூட்டவில்லை.

பாளை பிசிக்ஸ் டீச்சர்

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இன்று சாவியை எடுத்தேன். ரெண்டு பிள்ளைகளை வைத்து பெஞ்சுகளை வெளியே எடுத்துப் போட்டு, அறையைக் கூட்டினோம். நிறமாலைமானி ரெண்டு இருக்கிறது. ஒன்றில் தொலைநோக்கித் திருகு இறுகிப்போய் அசையவில்லை. சோடியம் விளக்கைப் போட்டால் இளஞ்சிவப்பிலேயே நிற்கிறது, அரைமணி ஆகியும் மஞ்சள் ஏறவில்லை. அண்ணாச்சி, சனிக்கிழமை வந்து பார்க்க முடியுமா? தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். முக்கூடல் அம்மா, உங்கள் மகனையும் அழைத்து வாருங்கள், பத்தாவது என்றாலும் பரவாயில்லை.

அம்பை லேப் அண்ணாச்சி

காலை ஒன்பது மணிக்கு வந்துவிடுகிறேன் டீச்சர். திருகை பிளையர் வைத்துத் திருகவேண்டாம், மரை போய்விடும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு அப்படியே ராத்திரி முழுக்க வையுங்கள். விளக்கு இளஞ்சிவப்பில் நிற்கிறது என்றால் குழல் கெட்டிருக்கலாம், கூட இருக்கிற மின்மாற்றியும் கெட்டிருக்கலாம். என்னிடம் பழையது ஒன்று வீட்டுப் பரணில் இருக்கிறது, கொண்டுவருகிறேன். அதுவரைக்கும் விளக்கை மறுபடி மறுபடி போட்டு அணைக்காதீர்கள். சூடாக இருக்கும்போது மேசையை விட்டு நகர்த்தவும் கூடாது, உள்ளே சோடியம் உருகி இருக்கும்.